சிறுவர் திக்குவாய்

திக்குவாய் என்பது பேச்சின் இயல்பான ஓட்டம் பேசுபவரின் விருப்பமின்றித் தடைப்படும் பேச்சுக் குறைபாடு ஆகும். தெற்றுவாய், கொன்னல் எனவும் இது அழைக்கப்படுகின்றது. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், குழந்தை சொற்களை இணைத்துப் பேசத் தொடங்கும் காலத்தில் தோன்றுகின்றது. ஏறத்தாழ 5 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இது ஏற்படுகின்றது. அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பின்னர் சரளமாகப் பேசுகின்றனர். வளர்ந்தோரில் சுமார் 1 விழுக்காட்டினரிடம் இது நிலைத்திருக்கின்றது. அவர்களுள் ஆண்களே மிகுதி.

அறிகுறிகள்

* மீளொலித்தல்: "அ-அ-அ-அம்மா"
* நீட்டல்: "ம்ம்ம்மாமா"
* அடைப்பு: வாய் அசைந்தும் ஒலி எழாமை

"எனக்கு, எனக்கு பால் வேணும்" என முழுச்சொல்லை மீண்டும் சொல்வது மொழி கற்கும் குழந்தைகளிடம் இயல்பானது. கண்சிமிட்டல், முகத்தசை இறுக்கம், பேசத் தயங்குதல் ஆகியவை சேருமாயின் அது திக்குவாயாக இருக்கக்கூடும். பாடும்போதும் பிறருடன் சேர்ந்து ஒப்பிக்கும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும்.

காரணங்கள்

பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டு வேறுபாடும் மரபுவழியும் முதன்மைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இதனுடன் தொடர்புடைய மரபணு மாற்றங்கள் 2010 இல் கண்டறியப்பட்டன. அறிவுக்குறைவோ பெற்றோரின் வளர்ப்போ இதற்குக் காரணமன்று. பதற்றம் திக்கலை மிகுவிக்கலாம்.

அயோவா ஆய்வு

திக்குவாய் எனச் சுட்டிக்காட்டுவதே அதனை உண்டாக்குகின்றது என்று அமெரிக்க உளவியலாளர் வெண்டல் ஜான்சன் கருதினார். இதனைச் சோதிக்க, 1939 இல் அவரது மாணவி மேரி டியூடர் அயோவா மாநில ஆதரவற்றோர் இல்லம் ஒன்றின் 22 சிறுவர்களிடம் ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிய 6 சிறுவர்களிடம் அவர்களது பேச்சில் குறை உள்ளதாகத் திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. அவர்கள் திக்குவாயர் ஆகவில்லை எனப் பிற்கால மீளாய்வு காட்டியது. எனினும் பேசுவதற்கே அஞ்சிய நிலை சிலருக்கு நெடுங்காலம் நீடித்தது. 2001 இல் அயோவா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. 2007 இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது.

சிகிச்சை

திக்கல் 6 மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறெவருக்கேனும் இருந்தாலோ பேச்சு மொழி வல்லுநரை அணுகுதல் வேண்டும். ஆசுத்திரேலியாவில் உருவான லிட்கோம்பு முறையில், 6 வயதுக்குட்பட்ட குழந்தை திக்காமல் பேசும் தருணங்களைப் பெற்றோர் அன்றாடம் பாராட்டுகின்றனர். குழந்தை கூற வந்ததைப் பெற்றோர் தாமே முடித்தலும், கேலி செய்தலும் தவிர்க்கப்படல் வேண்டும். நிதானமாகப் பேசுவதும் பொறுமையுடன் கேட்பதும் உதவும்.

அக்டோபர் 22 அனைத்துலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாக 1998 முதல் கடைப்பிடிக்கப்படுகின்றது.