‘கப்ரிஷஸ்’: ஒரு பெயரடையும் ஸ்ரீரங்கப்பட்டணமும்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் அரண்மனை ஆவணங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றன. அவற்றுள் இருந்த பாரசீகக் கடிதங்கள் பலவற்றை வில்லியம் கிர்க்பாட்ரிக் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1811இல் லண்டனில் வெளியிட்டார். முன்னுரையில் அவர் திப்புவுக்குச் சூட்டிய வசைப்பெயர்களின் நீண்ட வரிசையில் ‘புதுமை புகுத்துபவர்’ என்பதும் ஒன்று. அதற்கு முன் அவர் வைத்த அடைகளுள் ஒன்று ‘கப்ரிஷஸ்’.

காரணமின்றி நொடிக்கு நொடி மாறும் மனப்போக்கைக் குறிக்கும் சொல் இது. இதன் மூலம் ‘கப்ரிச்சோ’ என்னும் இத்தாலியச் சொல். ‘காப்போ’ என்றால் தலை. ‘ரிச்சோ’ என்றால் முள்ளெலி. அச்சத்தால் தலைமயிர் முள்ளெலிபோல் சிலிர்த்து நிற்பதே இச்சொல்லின் தொடக்கப் பொருள் என்பர். பின்னர் வெள்ளாட்டைக் குறிக்கும் ‘காப்ரா’வின் ஒலியொப்புமை சேர, ஆட்டின் திடீர்த் துள்ளல் பொருளில் ஏறிற்று, நடுக்கம் மனத்தாவலாயிற்று. ஷேக்ஸ்பியரும் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ஆடுகளைச் சுட்டி இச்சொல்லைச் சிலேடையாக்கினார். வடமொழியில் அசைவதைக் குறித்த ‘சபல’ என்பதும் தமிழில் ‘சபலம்’ என மனத்தளர்ச்சியைச் சுட்டலாயிற்று. உடலசைவைக் குறித்த சொல் மனத்துக்குப் பெயர்வது மொழிகளில் புதிதன்று.

ஆயின் இப்பெயரடை திப்புவுக்குப் பொருந்துமா? அவர் புகுத்திய மௌலூதி நாட்காட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. அதன் மாதங்கள் பருவங்களோடு ஒட்டி நில்லா. அறுவடையை நம்பி வரி தண்டும் அரசுக்கு அது இடர். மௌலூதி முறையோ அந்நிலத்து வழக்கிலிருந்த சந்திர-சூரியக் கணக்கையும், அறுபது ஆண்டுச் சுழற்சியையும் தழுவியது. அதே கடிதத் தொகுப்பில் பட்டுப்புழு வளர்ப்பைப் பரப்பும் ஆணையும் இருக்கிறது. மைசூர்ப் பகுதியின் பட்டுத்தொழில் இன்றும் நிலைத்துள்ளது.

இவற்றுள் தவறிய முயற்சிகளும் இருக்கலாம். திப்புவின் ஆட்சியில் கடுமையும் இருந்தது. எனினும் தவறிய கொள்கை வேறு, தாவும் மனம் வேறு. முன்னதற்குக் காரணம் தேடவேண்டும், பின்னதற்குத் தேடவேண்டியதில்லை. ‘கப்ரிஷஸ்’ என்னும் ஒற்றைச் சொல் செய்த அரசியல் இதுவே: காரணம் கேட்கும் கடமையிலிருந்து அது வாசகரை விடுவித்தது. கிர்க்பாட்ரிக்கின் முன்னுரைக்கு மறுப்பு வேறெங்கும் இல்லை. அவரே மொழிபெயர்த்த கடிதங்களில் இருக்கிறது.