செப்புத் தகட்டில் நம் கதைகள்

பாட்டி சொன்ன கதையைக் கேளாது வளர்ந்த தமிழர் நம்முள் எவரேனும் உளரோ? முதலையை ஏமாற்றிய குரங்கும், சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலும் நமக்கு உறவினர் போன்றவர். செவிவழி வந்த அக்கதைகளைக் கண்ணுக்கும் விருந்தாக்கிய பழைய சித்திர நூல்கள் எங்கே பிறந்தன? அவற்றில் நமக்குரிய பங்கு யாது? நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இவ்வரலாற்றைச் சிறிது ஆராய்தல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

பஞ்சதந்திரம் வடமொழியில் தோன்றியது. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திற்கும், 8-ஆம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும் சென்றது. அரபியில் அதற்குக் 'கலீலா வ திம்னா' என்று பெயர். கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளின் பெயர்களே அங்ஙனம் திரிந்தன. பின்னர் எபிரேயம், இலத்தீன் ஆகியவற்றின் வழியே ஜெர்மானிய மொழியை அடைந்து, 1483-ல் உல்ம் நகரில் மரக்கட்டைச் சித்திரங்களுடன் அச்சேறியது.

மரக்கட்டையில் கோடுகள் மேடாக நிற்கும். ஆகவே எழுத்துகளோடு சேர்த்தே படத்தையும் அச்சிடலாம். செப்புத் தகட்டு முறையோ வேறு. ஆங்கிலத்தார் இதனை 'எச்சிங்' என்பர். தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் படம் வரைந்து, அமிலத்தில் இடுவர். ஊசி கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் மயிரிழை போன்ற கோடும் தெளிவாக விழும். ஆயினும் படத்தைத் தனியே அச்சிடல் வேண்டும். தகடும் நாளடைவில் தேயும். எனவே செலவு மிகுதி. நல்ல படிகளோ சில. இந்நூல்கள் அரியனவாகியதற்கு இஃதொரு காரணம்.

1567-ல் புரூஜ் நகரில் மார்க்கஸ் கீரார்ட்ஸ் என்னும் ஓவியர் நூற்றுக்கு மேற்பட்ட செப்புத் தகட்டுச் சித்திரங்களோடு விலங்குக் கதை நூல் ஒன்றை வெளியிட்டார். 1668-ல் பாரிஸில் வெளிவந்த லா பொந்தேனின் கதைப் பாடல்களுக்குப் பிரான்சுவா ஷோவோ படங்கள் தீட்டினார். லா பொந்தேன் 1678-ல் அடுத்த தொகுதியை வெளியிட்டபொழுது, தம் கதைகளிற் பெரும்பகுதிக்கு 'பில்பாய்' என்னும் இந்திய அறிஞருக்குக் கடன்பட்டதாக முன்னுரையிலேயே கூறினார். கடனை மறவாத அப்பண்பு போற்றத்தக்கது.

இனி நம் தமிழுக்கு வருவோம். கழக்கூட்டத்தில் வடக்கு நோக்கி இரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் நாம் அடையும் கொல்லம், தமிழ் அச்சுக்கலையின் தொட்டில்களுள் ஒன்று. 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கத் தமிழ் நூல் அங்கேதான் அச்சாயிற்று. அதன் படி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. திருச்சூர்ப் பகுதியிலுள்ள அம்பழக்காட்டில் 1679-ல் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சிடப் பெற்றது. 'பரமார்த்த குரு கதை'யை இயற்றிய இத்தாலிய நாட்டு வீரமாமுனிவர் 1747-ல் இயற்கை எய்தியதும் அதே அம்பழக்காட்டிலேயே. ஆகவே நாம் இன்று வாழும் மலையாள மண் தமிழ் நூலுக்கு அயல் மண் அன்று.

பூசணிக்காயைக் குதிரை முட்டையென நம்பிய அக்குருவும், கொள்ளிக்கட்டையால் ஆற்றின் உறக்கத்தைச் சோதித்த சீடரும் வீரமாமுனிவர்க்குப் பின்னர்க் கடல் கடந்தனர். 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் தமிழ் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் பதிப்பித்தார். 1861-ல் ஆல்பிரட் குரோக்வில் மரக்கட்டையில் வரைந்த 50 படங்களுடன் வேறொரு பதிப்பு அந்நகரிலேயே வெளிவந்தது.

பிரெஞ்சுப் பாதிரியாரான அபே துபுவா 1792 முதல் 1823 வரை தென்னாட்டில் வாழ்ந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிப் படிகளினின்றும் பஞ்சதந்திரக் கதைகளைத் தெரிந்தெடுத்து, பரமார்த்த குரு கதையையும் சேர்த்து, 1826-ல் பாரிஸில் வெளியிட்டார். தாண்டவராய முதலியாரின் தமிழ்ப் பஞ்சதந்திர உரைநடை சென்னையில் வெளிவந்ததும் அவ்வாண்டே என்பது இனிய ஒற்றுமை. துபுவாவின் நூலை 1872-ல் பாரிஸ் பதிப்பாளர் பரோ மீண்டும் வெளியிட்டபொழுது, லியோன்ஸ் பெத்தி வரைந்த 13 செப்புத் தகட்டுச் சித்திரங்கள் அதனை அணி செய்தன. பெத்தி பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர் மக்களை நகைச்சுவை ததும்ப வரைந்து புகழ்பெற்றவர். தமிழ்நாட்டுச் சீடரின் பேதைமையை வரைய அத்தகைய கை வாய்த்தது வியப்பன்று. பேதைமைக்குத் தேசம் ஏது?

எனினும், இங்கே நாம் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. கதை நம்முடையது; படம் பிறர் கண் கண்டது. அவர்கள் செய்தது தவறன்று. போற்றிக் காத்தமையால் அவை இன்றும் உள்ளன. நம் வீடுகளிலோ கதைப் புத்தகம் குழந்தைகள் கையிற் கிழிந்து, எஞ்சியது பழைய தாளோடு எடைக்குப் போகின்றது. குழந்தை படித்துக் கிழித்தால் அது நூலுக்குப் பெருமை. பெரியோர் எடைக்குப் போட்டால் அது நமக்குச் சிறுமை.

தமிழன்பர்களே! பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைகள் அவ்விரண்டையும் நன்கு கற்கட்டும். இரவில் ஒரு கதையேனும் தமிழில் கேட்கட்டும். கேட்ட கதைக்குத் தாமே படமும் வரையட்டும். நம் வீட்டுப் பரண்களில் உறங்கும் பழைய கதை நூல்களைத் தூசி தட்டிக் காப்போம். செப்புத் தகடும் அமிலமும் நமக்கு வேண்டுவதில்லை. ஒரு பென்சிலும், கதை சொல்ல ஒரு நாவும் போதும். குரங்கும் முயலும் குருவும் சீடரும் நம் குழந்தைகளின் கைவண்ணத்தில் மீண்டும் பிறப்பாராக!