எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட் (1984 திரைப்படம்)

எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட், வெஸ் கிரேவன் எழுதி இயக்கி 1984 நவம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெளியான திகில் திரைப்படம். கத்தியோடு திரியும் கொலைகாரன் இளைஞர்களை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் ஸ்லாஷர் வகையைச் சேர்ந்தது. ஆனால் இதில் வரும் கொலைகாரன் ஏற்கெனவே செத்தவன். கனவுக்குள் மட்டுமே வருகிறவன். கனவில் அவன் வெட்டினால் படுக்கையில் ரத்தம் வடியும். ராபர்ட் ஷேயின் நியூ லைன் சினிமா படத்தைத் தயாரித்தது. ஹெதர் லாங்கன்கேம்ப், ஜான் சாக்ஸன், ரோனி பிளேக்லி, அமாண்டா வைஸ் ஆகியோர் நடித்தனர். ஜானி டெப்புக்கு இதுதான் முதல் படம். ஃபிரெடி குரூகராக ராபர்ட் இங்லண்ட் நடித்தார்.

கதை சிறியது. ஒரே பள்ளியில் படிக்கும் நான்கு பேருக்கு ஒரே மாதிரிக் கனவு வருகிறது. எரிந்து உருகிய முகம், அழுக்குத் தொப்பி, சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஸ்வெட்டர், விரல்களில் கத்திகள் பொருத்திய கையுறை என ஓர் ஆள் அவர்களைக் கொதிகலன் அறைக்குள் துரத்துகிறான். முதலில் டீனா சாகிறாள். பிறகு அவள் காதலன் ராட் காவல் நிலையச் சிறையில் சாகிறான். நால்வரில் ஒருத்தியான நான்ஸி துருவிக் கேட்டபோதுதான் அவள் தாய் வாய் திறக்கிறாள். ஃபிரெடி குழந்தைகளைக் கொன்றவன். சோதனை ஆணையில் உரிய இடத்தில் கையெழுத்து இல்லாததால் நீதிமன்றத்தில் தப்பித்தான். ஊர்ப் பெற்றோர் ஒன்றுகூடி அவனை உயிரோடு கொளுத்தினார்கள். பெற்றவர்கள் செய்ததற்குப் பிள்ளைகள் தூக்கத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இதே வகையைச் சேர்ந்த மற்றப் படங்களிலிருந்து இதை மேலே தூக்கி நிறுத்துவது இந்த முடிச்சுதான். பெற்றோர் கெட்டவர்கள் அல்லர். ஆனால் நடந்ததை மறைக்கிறார்கள், குடிக்கிறார்கள், ஜன்னலுக்குக் கம்பி போடுகிறார்கள், பிள்ளை சொல்வதை மட்டும் காதில் வாங்க மறுக்கிறார்கள். தன் காதலன் கிளெனை எச்சரிக்க நான்ஸி தொலைபேசியில் அழைக்கும்போது அவனுடைய தந்தை ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறார். கிளென் சாவதற்கு அது போதுமானதாகிறது.

கதைக்கு விதை செய்தித்தாளில் கிடைத்தது. லாவோஸ், கம்போடியா, வியட்நாம் போர்களிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த அகதிகளில், குறிப்பாக மாங் இனத்தவரில், நல்ல உடல்நலத்தோடு இருந்த ஆண்கள் சிலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அதைப் பற்றி வெளியிட்ட செய்திகளைக் கிரேவன் படித்தார். அவற்றில் அவர் மனத்தில் தங்கியது, தூங்கினால் செத்துவிடுவேன் என்று சொல்லிப் பல நாட்கள் விழித்திருந்து, கடைசியில் கண்ணயர்ந்தபோது அலறி இறந்த ஓர் இளைஞனின் கதை. அவன் அறையில் காபி போடும் கருவி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று கிரேவன் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். படத்தில் நான்ஸியும் தாய்க்குத் தெரியாமல் அறையில் காபி வைத்திருக்கிறாள். இத்தகைய மரணங்கள் சிலவற்றை மருத்துவர்கள் பிற்பாடு பிறவியிலேயே வரும் இதயத்துடிப்புக் கோளாறோடு தொடர்புபடுத்தினர். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்கு உறுத்தும் என்று கிரேவன் ஓர் அறிவியல் இதழில் படித்ததும் ஸ்வெட்டரின் நிறமாயிற்று.

கிரேவன் முன்பு கல்லூரியில் பாடம் நடத்தியவர். அது வகுப்பறைக் காட்சியில் தெரிகிறது. ஒரு மாணவன் எழுந்து நின்று ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை வாசிக்கிறான். நான்ஸிக்குக் கண் சொருகுகிறது. மாணவனின் குரல் கிசுகிசுப்பாகிறது. வாசலில் பிணப்பைக்குள் நின்றபடி டீனா கூப்பிடுகிறாள். விழிப்பு எங்கே முடிந்தது, கனவு எங்கே தொடங்கியது என்று பார்ப்பவரால் கோடு கிழிக்க முடியாது. அறிவிப்பு இசையோ மங்கலான விளிம்போ கிடையாது.

திரைக்கதையைப் பல ஸ்டுடியோக்கள் திருப்பி அனுப்பின. மற்றவர்கள் எடுத்த படங்களை வாங்கி வெளியிட்டுவந்த சின்ன நிறுவனமான நியூ லைன்தான் ஒப்புக்கொண்டது. 20 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், 1984 கோடையில் லாஸ் ஏஞ்சலஸில் படப்பிடிப்பு நடந்தது. கொதிகலன் அறைக்குக் கைவிடப்பட்ட லிங்கன் ஹைட்ஸ் சிறைச்சாலை பயன்பட்டது. கையில் காசு இல்லாததைக் கைவேலை ஈடுகட்டியது. டீனா சுவரில் ஏறிக் கூரையில் இழுபடும் காட்சிக்கு, முழு அறையையும் சுழலும் சட்டகத்தில் கட்டினார்கள். படக்கருவியும் அதை இயக்குபவரும் அறையோடு சேர்ந்து சுழல, நடிகை எப்போதும் தரையாக இருக்கும் பக்கத்தில்தான் புரள்கிறார். திரையில் அது கூரையாகத் தெரிகிறது. கிளெனின் படுக்கையிலிருந்து ரத்தம் கூரைக்குப் பீறிடுவதும் அதே அறைதான். அதைத் தலைகீழாக நிறுத்திச் செந்நீரைக் கொட்டினார்கள். நான்ஸியின் தலைமாட்டுச் சுவர் பிதுங்கி ஒரு முகம் எழும் காட்சிக்கு இழுபடும் ஸ்பான்டெக்ஸ் துணியைச் சுவராக விரித்து, சிறப்பு விளைவுக் கலைஞர் ஜிம் டாயில் பின்னாலிருந்து முகத்தை அழுத்தினார்.

படம் வெளியான நேரம் ஸ்லாஷருக்குக் கெட்ட நேரம். ஹாலோவீன் (1978), ஃபிரைடே த 13த் (1980) வெற்றிக்குப் பிறகு வந்த நகல்களால் விமர்சகர்கள் சலித்திருந்தார்கள். சாண்டா வேடத்தில் கொலைகாரன் வரும் சைலன்ட் நைட், டெட்லி நைட் படமும் அதே நாளில் வெளியானது. பெற்றோர் திரையரங்கு வாசல்களில் மறியல் செய்து அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். இந்தச் சூழலில் கிரேவனின் படத்தைச் சிலர் அந்தக் கூட்டத்தில் இன்னொன்றாகவே தள்ளிவைத்தார்கள். நியூயார்க் டைம்ஸின் வின்சென்ட் கேன்பிக்கு அதில் பெரிதாக எதுவும் படவில்லை. வாஷிங்டன் போஸ்ட்டின் பால் அட்டனாசியோ மாறாக, மலிவுப் படத்துக்கும் சர்ரியலிசத்துக்கும் நடுவே நிற்கும் கெட்டிக்காரப் படைப்பு என்ற வகையில் பாராட்டினார். அவர் பார்த்ததுதான் சரி என்பதைக் காலம் காட்டியது. வசூலில் ஐயம் இருக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. நியூ லைன் நிமிர்ந்தது. ஃபிரெடி கட்டிய வீடு என்றே அந்த நிறுவனத்தைத் திரைத்துறையினர் அழைத்தார்கள்.

ஆதரித்தவர்களும் அன்றும் இன்றும் குறை சொல்வது முடிவை. ஃபிரெடிக்கு முதுகைக் காட்டி, நான் கொடுத்த பலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள் நான்ஸி. கிரேவன் மகிழ்ச்சியான முடிவோடு நிறுத்த நினைத்தார். அடுத்த பாகத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஷே விரும்பினார். இருவரும் இறங்கிவந்ததன் விளைவாக, ஸ்வெட்டர் நிறக் கூரையோடு வரும் காரும் கதவின் சிறு ஜன்னல் வழியே இழுக்கப்படும் தாயும் ஒட்டுப்போட்டது போல வந்து நிற்கின்றன. நான்ஸியின் துணிவுக்கு அது செய்த அநியாயம்.

அந்தத் துணிவைக் கல்விப்புலம் கவனித்தது. ஸ்லாஷர் படங்களில் கடைசியாகப் பிழைத்திருக்கும் பெண்ணைப் பற்றி கரோல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரை திரைப்பட ஆய்வில் திருப்புமுனை. நான்ஸி அதில் முக்கியமான உதாரணம். அவள் ஓடி ஒளிவதில்லை. பொறி வைப்பது பற்றிய நூலைப் படித்து, வீட்டில் பொறிகளை வைத்து, கொலைகாரனைக் கனவிலிருந்து வெளியே இழுத்து வருகிறாள். 2021இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது.

தொடர்ச்சிகளில் 1987இல் வந்த மூன்றாம் பாகமான ட்ரீம் வாரியர்ஸ் மட்டுமே முதல் படத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. அதன் கதையில் கிரேவனுக்கும் பங்குண்டு. மற்றவற்றில், முதல் படத்தில் நிழலுருவமாக வந்த ஃபிரெடி மெல்ல மெல்லச் சிரிப்பு மூட்டும் பேச்சாளனாகிவிட்டான். 1994இல் கிரேவன் திரும்பிவந்து, இந்தப் படத்தில் நடித்தவர்களையே கதைமாந்தராக்கி நியூ நைட்மேர் எடுத்தார். வசூல் குறைவு, விமர்சன மதிப்பு அதிகம். இந்தியாவில் ராம்சே சகோதரர்கள் மகாகால் என்ற இந்திப் படத்தில் கையுறையும் கனவும் உட்பட இதைத் தழுவினார்கள். 2010 மறுஆக்கத்தில் சாமுவேல் பேயர் இயக்க, ஜாக்கி எர்ல் ஹேலி ஃபிரெடியானார். பணம் வந்தது, விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். சுவரிலிருந்து முகம் பிதுங்கும் காட்சியை அதில் கணினியில் செய்திருந்தார்கள். 1984இல் ஒரு துணி தந்த பயத்தை அது தரவில்லை.