பிளாக் சப்பாத்தின் '13' - 35 வருடம் கழித்து ஓஸியோடு ஒரு ஆல்பம்

பழைய ராக் குழுக்கள் மறுபடி ஒன்று சேர்வது புதிதல்ல. பெரும்பாலும் பழைய பாட்டுகளையே மேடையில் வாசித்து, கைதட்டலும் காசும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். புதிதாக ஒரு ஆல்பம் போட்டு ஜெயித்தவர்கள் ரொம்பக் குறைவு. இங்கிலாந்தின் பிளாக் சப்பாத் 2013-ல் அதைச் செய்தது. ஆனால் அந்த வெற்றியில் ஒரு ஆள் குறைந்தது.

1968-ல் பர்மிங்காம் நகரத்தின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்தார்கள். பாட ஓஸி ஆஸ்போர்ன், கிதார் டோனி ஐயோமி, பேஸ் கிதார் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட்.

இதில் ஐயோமியின் கதை தனி. 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், வேலையை விடவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைப் பறிகொடுத்தார். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பியை அழுத்துவதே அந்தக் கைதான்! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிறகு அவற்றைத் தளர்த்தியும் வைத்தார். அதில் கிடைத்த கனமான, இருண்ட ஓசைதான் 'ஹெவி மெட்டல்' என்ற வகைக்கே விதை போட்டது.

1970-ல் வந்த 'பாரனாய்ட்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அப்புறம் குடி, போதை, சண்டை. 1979-ல் ஓஸியை வெளியே அனுப்பினார்கள். ஐயோமி வேறு வேறு பாடகர்களை வைத்துக் குழுவை ஓட்டினார். 1997-க்குப் பிறகு பழைய நால்வரும் அவ்வப்போது மேடை ஏறினார்கள். புது ஆல்பம் மட்டும் கைகூடவில்லை.

2011 நவம்பர் 11 அன்று நால்வரும் சேர்ந்து புது ஆல்பத்தை அறிவித்தார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் இரண்டு அடி. 2012 ஜனவரியில் ஐயோமிக்கு லிம்போமா புற்றுநோய் என்று தெரிந்தது. பிப்ரவரியில் பில் வார்ட், தனக்குத் தரப்பட்ட ஒப்பந்தம் கையெழுத்துப் போடும்படி இல்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். வார்டின் உடல் தாங்காது என்று ஓஸி பின்னால் பேட்டிகளில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

வேலை நிற்கவில்லை. சிகிச்சைக்கு இடையே ஐயோமி வாசித்தார். தயாரிப்பாளர் ரிக் ரூபின், 1970-ன் முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டி, அந்த மனநிலைக்குத் திரும்பச் சொன்னார். டிரம்ஸுக்கு 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்' குழுவின் பிராட் வில்க் வந்தார். மொத்தம் எட்டுப் பாட்டு. கடைசிப் பாட்டு மழை, இடி, மணியோசையோடு முடிகிறது. முதல் ஆல்பம் தொடங்கியதும் அதே சத்தத்தில்தான்!

2013 ஜூனில் '13' வெளியானது. பிரிட்டனில் 'பாரனாய்டு'க்குப் பிறகு, சுமார் 43 வருடம் கழித்து மீண்டும் முதலிடம். அமெரிக்காவிலோ அவர்களுக்கு அதுதான் முதல் முதலிடம். 2014-ல் இந்த ஆல்பத்தின் ஒரு பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது.

பிராட் வில்க் குறை வைக்கவில்லை. ஆனால் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். தாளத்தை இழுத்தும் தளர்த்தியும் வாசிக்கும் அவருடைய கை இதில் இல்லை. முதல் ஆல்பத்தையும் '13'-ஐயும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் புரியும்.

2017 பிப்ரவரியில் குழு பர்மிங்காமில் விடைபெற்றபோதும் வார்ட் இல்லை. கணக்கு நேரானது 2025 ஜூலை 5-ல். ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில், 20 வருடம் கழித்து, நால்வரும் ஒரே மேடையில் நான்கு பாட்டு வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி உட்கார்ந்தபடியே பாடினார். 17 நாள் கழித்து அவர் இறந்துபோனார்.

முதலிடம் வாங்கித் தந்தது '13'. நால்வரையும் சேர்த்தது அந்த நான்கு பாட்டு.