உதகை வானொலித் தொலைநோக்கியும் விண்மீன் திரள்களின் படிமலர்ச்சி ஆய்வும்

முன்னுரை

விண்மீன் திரள்கள் காலந்தோறும் மாறிவந்துள்ளன என்பதை இன்று அகச்சிவப்பு வான்கணக்கெடுப்புகள் விரிவாக எடுத்துக்காட்டுகின்றன. அவை தொடங்குமுன்னரே, நீலகிரியிலிருந்து வானொலி அலைகளின்வழி இதற்கொரு சான்று முன்வைக்கப்பட்டது. அச்சான்று பெறப்பட்ட முறையையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்பாட்டுப் பின்புலம்

1948இல் பாண்டி, கோல்டு, ஹாயில் ஆகியோர் முன்வைத்த நிலைப்பேரண்டக் கோட்பாட்டின்படி, பேரண்டம் எக்காலத்தும் ஒரே தன்மையுடையது. தொலைவிலுள்ள திரளின் கதிர் நெடுங்காலம் பயணித்தே புவியை அடைவதால், தொலைவைக் காண்பது இறந்தகாலத்தைக் காண்பதாகும். எனவே தொலைவுத் திரள்கள் அண்மைத் திரள்களினின்று வேறுபடின் அக்கோட்பாடு நிலைபெறாது. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் குழுவினர் வானொலி மூலங்களை எண்ணி, மங்கலானவை எதிர்பார்ப்பினும் மிகுதி என்றனர். 1955ஆம் ஆண்டுக் கணக்கில் பிழைகள் இருந்தமையால் விவாதம் நீண்டது. எண்ணிக்கையைச் சாராத சான்று தேவைப்பட்டது.

முத்தோரைக் கருவியும் நிலவு மறைப்பும்

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி 1970இல் நிறைவுற்றது. உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட இக்கருவிக்கு, அவ்விடத்தின் அகலாங்கை ஒத்த ஏறத்தாழ 11 பாகைச் சரிவுடைய மலைப்பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. இதனால் கருவியின் நீள அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாயிற்று. அவ்வச்சில் சுழற்றுவதன்மூலமே ஒரு மூலத்தைப் பல மணிநேரம் பின்தொடர இயன்றது.

விண்மீன்களுக்கிடையே நிலவு நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. அதன் விளிம்பு ஒரு மூலத்தை மறைக்கையில் குறிகை குறையும் பாங்கிலிருந்து அம்மூலத்தின் கோண அளவு கணிக்கப்பட்டது. நிலவின் பாதையிலமைந்த மூலங்களே இம்முறைக்கு உட்பட்டன.

1975ஆம் ஆண்டு முடிவுகள்

ஸ்வரூப், விஜய் கபாஹி ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வுகள், மூலங்கள் மங்க மங்க அவற்றின் இடைநிலைக் கோண அளவு சிறுத்துச் செல்வதைக் காட்டின. இப்போக்கு நிலைப்பேரண்டக் கோட்பாட்டோடு பொருந்தவில்லை. முற்காலத்தில் வானொலித் திரள்கள் மிகுந்தும் உருவிற் சிறுத்தும் இருந்தன எனக் கொள்ளின் அது விளக்கம் பெற்றது. 1965இல் அறியப்பட்ட நுண்ணலைப் பின்னணியால் அக்கோட்பாடு முன்னரே தளர்ந்திருந்தது. ஆயினும் திரள்களே மாறின என்பதற்கு இது தனிச்சான்றாயிற்று. உருவளவு மாற்றத்தையும் ஒளிர்திறன் வேறுபாட்டையும் பிரித்தறிவதிலுள்ள இடர்ப்பாட்டால் பிற்காலத்தில் விவாதங்கள் எழுந்தன.

அகச்சிவப்பின் இன்றியமையாமை

வலிமைமிக்க வானொலி மூலங்கள் திரள்களுள் சிறுபான்மையே. அவை திரள்மையத்தின் செயற்பாட்டைக் காட்டுவனவேயன்றி, விண்மீன்களின் பிறப்பை நேரடியாகக் காட்டுவன அல்ல. விண்மீன் பிறப்பிடங்களின் ஒளியைத் தூசு உறிஞ்சி அகச்சிவப்பாக வெளியிடுகிறது. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் வானின் ஏறத்தாழ 96 விழுக்காட்டைக் கணக்கெடுத்தபோதே தூசு மறைத்த இவ்விண்மீன் பிறப்பின் பரப்பு புலப்பட்டது. வானொலி அலை பருவமழை மேகத்தையும் ஊடுருவுவதால் நீலகிரி அதற்கு ஏற்றதாயிற்று. அகச்சிவப்பின் பெரும்பகுதியை நீராவி தடுப்பதால் அவ்வாய்வு வறண்ட உயர்மலைகளையும் விண்வெளியையும் நாடியது.

முடிவுரை

முத்தோரை ஆய்வு அகச்சிவப்புக் கணக்கெடுப்புகளுக்கு மாற்றன்று. திரள்களுக்கு வரலாறு உண்டு என்பதை அது முற்பட உறுதிப்படுத்தியது. அவ்வரலாற்றின் உட்கூறுகளை அகச்சிவப்பு ஆய்வுகள் பின்னர் விரித்தன. இந்நிரலில் வைத்து நோக்கும்போதே உதகைக் கருவியின் அறிவியல் வரலாற்று இடம் தெளிவுறும்.