நாள்பட்ட தோல் நோய்களும் உணவு மாற்றமும்

நீண்ட நாள் தொடரும் தோல் நோயைக் கட்டுக்குள் வைக்கச் சில உணவுகளை விலக்குவதும், உணவின் அளவையும் உடல் எடையையும் குறைப்பதும் உணவு மாற்றச் சிகிச்சையில் அடங்கும். தமிழகத்தில் இது பத்தியம் என்ற பெயரில் தலைமுறைகளாக வழக்கில் இருக்கிறது. கரப்பான் என்றால் கத்திரிக்காயும் கருவாடும் ஆகாது என்பார்கள். மீன் சாப்பிட்ட கையோடு பால் குடித்தால் தோலில் வெள்ளை விழும் என்பார்கள். மீன், பால் பற்றிய நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று கிடையாது. நிறமி செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கி அழிப்பதால்தான் வெண்புள்ளி வருகிறது. அதற்காக, தோலுக்கும் உணவுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு நோயில் உணவுதான் மூல மருந்து, வேறொன்றில் வெறும் துணை, இன்னொன்றில் அவசரப் பத்தியமே ஆபத்து. வந்திருப்பது எந்த நோய் என்று உறுதியான பிறகே சாப்பாட்டில் கைவைப்பது முறை.

உணவே மூல மருந்தாகும் நோயின் பெயர் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். பிலடெல்பியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் லூயி டூரிங் 1884இல் இதைத் தனி நோயாக விவரித்தார். முழங்கை, முழங்கால், பிட்டம், தலை ஆகிய இடங்களில் இரு பக்கமும் ஒன்றுபோலச் சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். அரிப்பு தாங்காது. நோயாளி சொறிந்தே உடைத்துவிடுவதால், மருத்துவர் கண்ணில் படுவது பெரும்பாலும் கீறலும் பொருக்கும்தான். சொறி சிரங்கு என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்கள் உண்டு.

இதன் வேர் குடலில் இருக்கிறது என்று தெரிய எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், சீலியாக் என்னும் குடல் நோய்க்குக் கோதுமையே காரணமாக இருக்கலாம் என்று 1930களிலேயே சந்தேகித்தார். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியால் வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் டிக்கே தம் ஆய்வேட்டை வெளியிட்டார். டூரிங் விவரித்த தோல் நோயாளிகளின் குடலிலும் அதே சிதைவு இருப்பதை 1966இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் கண்டார்கள். கோதுமையை நிறுத்தினால் கொப்புளங்கள் மறைவதை 1973இல் லண்டன் மருத்துவர்கள் காட்டினார்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் தூண்டுகோல். அதன் தூண்டுதலால் கிளம்பும் எதிர்ப்பு அணுக்கூறுகள் ரத்தத்தின் வழியே போய்த் தோலில் படிகின்றன. வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாமலே இது நடக்கக்கூடும். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரையே இதற்கும் தரப்படுகிறது. சில நாட்களிலேயே அரிப்பு அடங்கும், ஆனால் குடல் ஆறாது. மாத்திரையை நிறுத்தினால் கொப்புளம் திரும்பும். உணவு மாற்றமோ மெதுவாகவே வேலை செய்யும். தோல் தெளிய மாதங்கள் ஆகும், மாத்திரையைக் கைவிட இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே தொடங்குகிறார்கள்.

அரிசியும் கேழ்வரகும் கம்பும் புழங்கும் தமிழ்ச் சமையலறையில் இந்தப் பத்தியம் சுலபம் என்று தோன்றும். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா ஆகியவற்றை விட்டுவிடலாம். சிக்கல் சாம்பாரில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சோயா சாஸிலும் மால்ட் கலந்த சத்துபானங்களிலும் கோதுமையோ பார்லியோ இருக்கும். தினம் ஒரு சிட்டிகை உள்ளே போனாலே நோய் அடங்காமல் நீடிக்கலாம். டப்பாவின் பின்புறம் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கும் பழக்கம் இந்த நோயாளிக்கு மாத்திரைக்குச் சமம். இன்னொன்றும் முக்கியம்: பரிசோதனைக்கு முன்பே கோதுமையை விட்டுவிட்டால் ரத்தப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் நோயைக் காட்டாமல் போகலாம். ஆசியாவில் இந்த நோய் அரிது, ஐரோப்பாவில் ஃபின்லாந்தில் அதிகம்.

சோரியாசிஸ் என்னும் தோல் நோய் உள்ளவர்கள் பலர் இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டுத் தாமும் கோதுமையை நிறுத்துகிறார்கள். குளூட்டனுக்கு எதிரான கூறுகள் ரத்தத்தில் இல்லாதவர்களுக்கு அதனால் பலன் கிடைப்பதாகச் சான்று இல்லை. அமெரிக்காவின் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளை 2018இல் வெளியிட்ட பரிந்துரையில் அழுத்தமாகச் சொன்னது வேறு: உடல் பருத்தவர்கள் கலோரியைக் குறைத்து எடையைக் குறைக்க வேண்டும். கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது, எடை இறங்கினால் மருந்தும் நன்றாகப் பிடிக்கும். இந்நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு மது ஆகாது, இரண்டும் கல்லீரலைத் தாக்கும்.

முகப்பருவின் கதை சாக்லெட்டில் தொடங்குகிறது. 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லெட்டும், அதேபோன்ற போலிப் பட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். பருவில் வித்தியாசம் தெரியவில்லை. உணவுக்குச் சம்பந்தமில்லை என்று பல ஆண்டுகள் பாடம் நடத்தப்பட்டது. ஆனால் போலிப் பட்டையிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவு இருந்ததைப் பின்னர் பலர் சுட்டிக்காட்டினார்கள். 2007இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் நடந்த சோதனையில், ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இன்சுலின் ஏறும்போது எண்ணெய்ச் சுரப்பிகள் முடுக்கிவிடப்படுவதே காரணம் என்று கருதப்படுகிறது.

பெரிதும் கவலை தருவது குழந்தைகளுக்கு வரும் எக்ஸிமா, அதாவது கரப்பான். தோலின் பாதுகாப்புப் படலம் பலவீனமாக இருப்பதே இதன் அடிப்படை. ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுப் பழுதுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளியானது. நோய் கடுமையாக உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முட்டை, பால், வேர்க்கடலை போன்றவற்றில் உண்மையான ஒவ்வாமையும் உண்டு. மற்றவர்களுக்கு ஈரப்பதக் களிம்பும் முறையான மருந்துமே பிரதானம். ஆனால் வீட்டில் பால், முட்டை, மீன், பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். பால் கொடுக்கும் தாயும் அரைவயிற்றுக்குச் சாப்பிடுகிறாள். அமெரிக்காவிலேயே, ஒவ்வாமை என்று எண்ணிப் பாலை நிறுத்தி அரிசி பானம் கொடுத்து வளர்த்த குழந்தைகளுக்குக் குவாஷியார்கர் என்ற புரதக் குறை நோய் வந்ததை 2001இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கால் வீங்கி, தோல் உரிந்து வந்த அந்தக் குழந்தைகளுக்கு உணவின்மையே புதிய தோல் நோயைக் கொடுத்திருந்தது.

விலக்குவதே ஒவ்வாமையை வளர்க்கவும் கூடும். கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. சிறு வயதிலிருந்தே வேர்க்கடலை உணவு தரப்பட்டவர்களில் 5 வயதில் ஒவ்வாமை கண்டவர்கள் 3.2 சதவீதம், விலக்கி வைக்கப்பட்டவர்களில் 17.2 சதவீதம். ஒவ்வாமைப் பரிசோதனையில் தோலில் குத்திய புள்ளி தடித்தது என்பதற்காக மட்டும் ஓர் உணவை நிறுத்துவதில்லை. சந்தேகத்துக்குரிய ஒன்றை மட்டும் சில வாரம் நிறுத்தி, தோலைக் கவனித்து, பிறகு மீண்டும் கொடுத்துப் பார்ப்பார்கள். நீண்ட நாள் நிறுத்திய உணவை மறுபடி தரும்போது மூச்சுத்திணறல் அளவுக்குத் திடீர் ஒவ்வாமை வர வாய்ப்புண்டு என்பதால், அந்த முதல் வாயை மருத்துவர் முன்னிலையில்தான் ஊட்ட வேண்டும்.