இழுத்துப் போவதா, ஏறிப் போவதா?

தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் கதவைச் சாத்தியபடி ஏசி இரைச்சலோடு நிற்கும் நடிகர்களின் வண்டிதான். அமெரிக்கர்கள் ‘ஆர்.வி.’ என்று சொல்லும் அதே சாதி வண்டி, அங்கே கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் மூட்டும் விஷயம். வீட்டைக் காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போவதா, எஞ்சினும் அடுப்பும் ஒரே கூரைக்கடியில் இருக்கிற மோட்டார் ஹோமை வாங்குவதா? இழுவை வீட்டை முகாமில் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம். ஆனால் ரிவர்ஸ் எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். மோட்டார் ஹோமில் அந்தத் தொல்லை இல்லை. பால் வாங்கப் போனாலும் வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சின் வருவதற்கு முன்பே இந்தக் கதை தொடங்கிவிட்டது. கார்டன் ஸ்டேபிள்ஸ் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்தவர், சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். 1885-ல் பிரிஸ்டல் நகரின் வண்டிப் பட்டறை ஒன்றில் ‘வாண்டரர்’ என்ற மர வீட்டைச் செய்யச் சொல்லி, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸ் வரை போனார். வண்டியின் எடை ஏறத்தாழ 2 டன். நம்மூர் வில்வண்டிக்காரர் பார்த்திருந்தால் அந்தக் குதிரைகளுக்காகப் பரிதாபப்பட்டிருப்பார். எதிரே வருபவர்களை எச்சரிப்பதற்காக வேலையாள் ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போனார். நாடோடிகளும் சர்க்கஸ்காரர்களும் பிழைப்புக்காக வாழ்ந்த வண்டி வீட்டை, ஒரு கனவான் பொழுதுபோக்குக்காகச் செய்துகொண்டது அப்போதுதான்.

1910-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஏரோ நிறுவனம் ‘டூரிங் லாண்டோ’ காரைக் காட்சிக்கு வைத்தது. பின் இருக்கையை மடக்கினால் படுக்கை. ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து கை கழுவும் தொட்டி இறங்கும். ஓட்டுநரோடு பேச டெலிபோன். இயற்கை உபாதைக்கு ஒரு சட்டியும் உண்டு. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியான சொகுசு இது.

மற்றவர்களுக்கு வழி திறந்தது ஃபோர்டின் மாடல் டி. 1908-ல் 850 டாலராக இருந்த அதன் விலை 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. கார் கைக்கு வந்தவுடன் மக்கள் கூடாரத்தையும் தகர டப்பா உணவையும் ஏற்றிக்கொண்டு குளிர்காலத்தில் ஃபுளோரிடா பக்கம் கிளம்பினார்கள். டாம்பா நகரின் டி சோடோ பூங்காவில் 1919-ல் இவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள்: ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’. ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வதுதான் உறுப்பினர் அடையாளம். புதிதாக வண்டி வாங்க இவர்களிடம் காசில்லை. வாசலில் நிற்கும் காரோடு எதைச் சேர்த்துக் கட்டலாம் என்பதுதான் இவர்கள் கேள்வி. இந்த வரலாறு முழுக்க அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. விற்பனையாளர்கள் அளக்கிற படுக்கையும் சமையலறையும் அதற்குப் பிறகுதான்.

டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற பாக்டீரியா ஆய்வாளர் இருந்தார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகும்போது, மடக்கி விரிக்கும் கூடார ட்ரெய்லர் ஒன்றை வாங்கிப் போனார். ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று விளம்பரம். முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், மழை பிடித்துக்கொண்டது. துணியோடும் கம்பிகளோடும் அவர் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் குடும்பம் மொத்தமும் நனைந்துவிட்டது. கோபத்தில் அவர் 1929-ல் 6 அடி அகலம், 9 அடி நீளத்தில், கெட்டியான சுவர்களோடு ஒரு பெட்டி வீட்டைச் செய்துகொண்டார். பார்ப்பதற்கு அழகென்று சொல்ல முடியாது. ஆனால் விரிக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். அதற்குக் குழந்தைகள் வைத்த கிண்டல் பெயர் ‘கவர்டு வேகன்’. 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தார். 1936-ல் அவருடைய நிறுவனம்தான் நாட்டிலேயே பெரிய ட்ரெய்லர் உற்பத்தியாளர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இது நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே 1936-ல் வாலி பையம் என்பவர் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்ற அலுமினிய ட்ரெய்லரை 1,200 டாலருக்கு விற்றார். அதன் பளபளக்கும் உடல், ஹாலி பவுலஸ் 1934-ல் செய்த ‘ரோடு சீஃப்’ ட்ரெய்லரின் வழித்தோன்றல். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானம் உருவானபோது பட்டறையை மேற்பார்த்தவர் இந்த பவுலஸ். இன்னொரு விமானக்காரரான கிளென் கர்ட்டிஸ், பின்னால் கொக்கியில் தொங்கவிடாமல் காரின் உடலுக்குள்ளேயே ட்ரெய்லரின் மூக்கைத் தாங்கவைக்கும் ஏற்பாட்டைச் செய்தார். இழுவையில் வால் ஆட்டம் குறைந்தது. ‘ஐந்தாம் சக்கரம்’ என்ற வகைக்கு அவர்தான் முன்னோடி. பெயர் மட்டும் குதிரை வண்டிக் காலத்துச் சொத்து. முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாக்கில் வைத்த வளையத்தை வண்டிக்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் விமானங்களுக்குப் போனது. ட்ரெய்லர்கள் ஆயுதத் தொழிற்சாலைகளின் வாசலில் தொழிலாளர் குடியிருப்புகளாக நின்றன. அங்கிருந்து ஒரு கிளை 10 அடி அகலத்துக்குப் பெருத்து, ஒரே இடத்தில் ஊன்றிவிடும் ‘மொபைல் ஹோம்’ ஆனது. பெயரில்தான் மொபைல்.

ஐரோப்பாவில் ரோடு குறுகல், பெட்ரோல் விலை அதிகம், பணமும் குறைவு. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-ல் ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு ஒரு ‘கேம்பிங் பெட்டி’ செய்தது. சோஃபாவாகவும் படுக்கையாகவும் மாறும் மரச்சாமான், தேவையில்லாதபோது கழற்றிவிடலாம். திங்கள் முதல் வெள்ளி வரை சரக்கு ஏற்றும் வேன், சனிக்கிழமை குடும்ப வீடு. இத்தனை வகைகளில் மிகப் புத்திசாலித்தனமானது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரே வண்டி, இரண்டு வேலை.

அமெரிக்கர்கள் அந்தச் சிக்கனத்துக்கு ஆசைப்படவில்லை. மிச்சிகன் மாநிலத்து ரே ஃபிராங்க் தன் குடும்பத்துக்காகச் செய்த வண்டியை 1960-களின் தொடக்கத்தில் டாட்ஜ் சேசிஸ்மேல் ஏற்றி விற்றார். ‘மோட்டார் ஹோம்’ என்ற பெயரைப் பரப்பியவர் அவர். 1966-ல் அயோவாவின் விவசாயச் சிற்றூரான ஃபாரஸ்ட் சிட்டியிலிருந்து வின்னபேகோ வந்தது. தொடர் உற்பத்தி வரிசையில் செய்து, போட்டியாளர்களைவிட மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்ததால் அந்த நிறுவனத்தின் பெயரே மோட்டார் ஹோமுக்குப் பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. ஒரு கேலனுக்குப் பத்து மைல்கூடத் தராத பெரிய வண்டிகள் டீலர்களின் மைதானத்தில் தேங்கின. பல நிறுவனங்கள் மூடப்பட்டன. சின்ன வேனுக்கு அமெரிக்காவில் மதிப்புக் கூடியது இதற்குப் பிறகுதான்.

இன்று கடைக்குப் போகிறவர் முதலில் தடுமாறுவது எழுத்துகளில். மோட்டார் ஹோம்களில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. ஏ என்பது பஸ் அளவு. அடுத்துப் பெரியது பி அல்ல, சி: ஓட்டுநர் தலைக்குமேல் கட்டில் துருத்திக்கொண்டிருக்கும் வண்டி. பி-தான் வேன், எல்லாவற்றிலும் சிறியது.

இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரைச் சுற்றித்தான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது. அங்கே இதற்கென்று ஒரு அருங்காட்சியகமும் உண்டு. 1913-ல் செய்த, மாடல் டி பின்னால் கட்டி இழுத்த மர ட்ரெய்லர் ஒன்று அங்கே நிற்கிறது. அதே கூரைக்கடியில் 1931-ம் வருடத்து ஷெவர்லே ‘வீட்டுக் கார்’ ஒன்றும் இருக்கிறது. நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த மே வெஸ்ட்டைச் சினிமாவுக்கு இழுக்க பாரமவுண்ட் ஸ்டுடியோ கொடுத்த வண்டி அது. பின்பக்கம் ஒரு சின்னத் திண்ணை. ஷாட்டுக்கு நடுவே அவர் உட்கார்ந்து ஆட அங்கே ஓர் ஆடும் நாற்காலி.